மேட்டில் இறக்கிய சக்கை

தவ்ஃபூ என்னும் சோயாக்கட்டி செய்யும் இடத்தில் சோயாவைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையை வாங்கி, மாடு வளர்ப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பிழைப்பு. ஈப்போ டவுனில் சிலிபினிலிருந்து காலையில் லோரியை எடுப்பேன். பொம்பளை லோரி ஓட்டுகிறாளே என்று வாயைப் பிளந்தவர்கள் பிளந்து ஓய்ந்துவிட்டார்கள். மாடுகள் ஒருநாளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. என் ஹார்ன் சத்தம் கேட்டால் போதும், காதை நிமிர்த்திக்கொண்டு கத்த ஆரம்பித்துவிடும்.

ஈப்போவுக்கு வெளியே ஆற்றோரம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். அதை விற்று, மரத்தை வெட்டி, பாதியில் செம்பனை நட்டார்கள், மீதியில் வீடுகள் கட்டித் தாமான் என்று பெயர் வைத்தார்கள். தொழிலாளர் லயம் இருந்த பள்ளத்தில் இன்னும் சில குடும்பங்கள் மாடு வைத்துப் பால் விற்கின்றன. அங்கே உயரமான இடம் ஒன்றே ஒன்றுதான், துரை பங்களா இருந்த மேடு. அந்தக் காலத்தில் மாடு அங்கே ஏறினால் பிடித்துக் கட்டிவிடுவார்களாம். இப்போது துரையும் இல்லை, பங்களாவும் இல்லை. புல்வெளியும், வீடு விற்கும் ஆபீசும், சாலைக்குக் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டையும் இருக்கின்றன. மாடு மட்டும் இப்போதும் ஏறக்கூடாது.

சில வருடங்களுக்கு முந்திய வெள்ளத்தில் ஆட்களைப் படகில் ஏற்றிப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். மாடுகளை யாரும் கேட்கவில்லை. மாட்டுக்காரர்களும் பழக்கப்படி ஒரு காரியம் செய்துவிட்டுத்தான் போனார்கள். மாட்டை ரெட்டைக் கயிற்றில் கட்டினார்கள். அவிழ்த்துவிட்ட மாடு தாமானுக்குள் போய் யார் வீட்டுச் செடியையாவது மேய்ந்தால் நகராண்மைக் கழகம் பிடித்துக்கொண்டு போய்விடுமே என்ற பயம். மழை வலுத்தால் கயிற்றை இறுக்குவதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். மாடுகள் கட்டிய இடத்திலேயே, கழுத்தில் கயிறோடு செத்துக் கிடந்தன. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்றைக்கும் ஆறவில்லை.

பால்கார அக்கா என்று நாங்கள் கூப்பிடும் ஒருத்திக்கு மிஞ்சியது ஒரு செவலைக் கிடாரி மட்டும். அதன் கயிறு மக்கிப்போயிருந்ததால் அறுத்துக்கொண்டு மேட்டுக்கு நீந்திவிட்டது. அந்த ஒன்றை வைத்துத்தான் அக்கா மறுபடி பிழைப்பைத் தொடங்கினாள்.

மாட்டுக்காரர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னேன். “இனிமே நான் சக்கைய கொட்டகையில இறக்க மாட்டேன். மேட்டுலதான் இறக்குவேன். ஹார்ன் அடிப்பேன், நீங்க மாட்ட அவுத்து விடுங்க. அதுங்களே வந்து தின்னு, மேட்டு வழிய பழகட்டும்.”

“உங்களுக்கு என்ன கிறுக்கா அக்கா?” என்றார் மாட்டுக்கார அண்ணன் ஒருவர். “மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அலைஞ்சா எங்க வேலை என்னாவறது லா?”

“மாடு செத்துட்டா வேலையே இருக்காதுண்ணே. வேணும்னா வேற லோரி பாத்துக்குங்க.”

வேறு லோரி கிடையாது. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அன்று முதல் தடுப்புக் கட்டைக்கு வெளியே சாலையோரம் இறக்கினேன். கட்டையடியில் நிற்கும் காவல்காரர் ஒவ்வொரு முறையும் முணுமுணுத்தார். மாடுகள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. ஹார்ன் அடித்தால் செம்பனைக்குள் புகுந்து வரிசையாக மேடேறி வந்துவிடும். கற்றுக்கொள்ளாதது, மழையென்றால் கயிற்றைத் தேடும் மனுசக் கைதான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை பால்கார அக்கா போன் செய்தாள்.

“தங்கச்சி, தண்ணி கொட்டகைக்குள்ள வந்துருச்சு. படகு வந்து நிக்குது, ஏறச் சொல்றாங்க.”

“மாட்ட அவுத்தாச்சா?”

“ரெட்டையா கட்டிட்டேன்.”

“அடிப்பாவி! அவுத்து விடுங்கக்கா! மத்தவங்களையும் அவுக்கச் சொல்லுங்க!”

“போயிருச்சுன்னா? செவலை நெறமாசமா இருக்கு. அத விட்டா எனக்கு என்ன இருக்கு, சொல்லு!”

“எங்கயும் போகாது. நான் மேட்டுல நின்னு ஹார்ன் அடிக்கிறேன். என்னை நம்ப வேணாம், சக்கைய நம்புங்க!”

டவுன் பக்கத்துச் சாலையில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. சக்கையோடு பறந்துபோனேன். மேட்டுச் சரிவில் நான் வழக்கமாக இறக்கும் சாலையோரம் முழங்காலளவு தண்ணீரில் கிடந்தது.

“கட்டையத் தூக்குங்கண்ணே, உள்ள போறேன்” என்றேன் காவல்காரரிடம்.

“மேனேஜர கேக்கணும் லா அக்கா.”

“கேளுங்க. நல்லாக் கேளுங்க. அதுவரைக்கும் நான் ஹார்ன் அடிக்கிறேன்.”

ஹார்னில் கையை வைத்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அரைக்கால்சட்டைக்காரர் ஒருவர் குடையோடு வந்து ஆங்கிலத்தில் கத்தினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். காவல்காரர் காதைப் பொத்திக்கொண்டு கட்டையைத் தூக்கிவிட்டார். புல்வெளி நடுவில் லோரியை ஏற்றி, சக்கையைக் கொட்டிவிட்டு, மறுபடியும் அடித்தேன்.

முதலில் ஒரு கொம்பு தெரிந்தது. பிறகு தலைகள். தண்ணீருக்கு மேலே மூக்கைத் தூக்கிக்கொண்டு செம்பனை வரிசை நடுவே நீந்தி வந்தன. மாட்டுக்கார அண்ணனுடைய மாடுகள் வந்தன, அடுத்த வீட்டு மாடுகள் வந்தன, அக்காவின் செவலை முன்பு போட்ட கன்றுகளும் வந்தன. செவலை வரவில்லை. உள்ளங்கை மரத்துப்போயிற்று. “வாடி, வந்துருடி” என்று கத்திக்கொண்டே அழுத்தினேன்.

கடைசியில் வந்தது. பெருத்த வயிற்றோடு, மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் அக்கா! படகில் ஏறவே இல்லை. மேலே வந்து விழுந்தவளின் உதட்டில் ரத்தம்.

“முடிச்சு நனைஞ்சு இறுகிப்போச்சு. பல்லால கடிச்சு அவுத்தேன் தங்கச்சி” என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு வாய் ஓயாமல் திட்டினேன். செவலை எங்களைக் கவனிக்கவில்லை, நேராகச் சக்கைக்குப் போயிற்று.

தண்ணீர் வடியும்வரை மாடுகள் அங்கேதான் நின்றன. மேனேஜர் வந்து எப்போது கிளப்புவீர்கள் என்றார். வெள்ளம் வடிந்ததும் என்றாள் அக்கா. நகராண்மைக் கழகத்தைக் கூப்பிடட்டுமா என்றார். கூப்பிடுங்கள், படகும் எடுத்துவரச் சொல்லுங்கள் என்றாள். முன்பு அந்தப் பெயரைக் கேட்டாலே நடுங்கியவள் அவள். பிறகு கொட்டகைகளில் சேறு அள்ளினோம், பூஞ்சை பிடித்த தீவனத்தைக் கொட்டினோம், குளம்புகளை உப்புத் தண்ணீரில் கழுவினோம். செவலை கிடாரிக் கன்று போட்டது.

எல்லாம் ஓய்ந்தபின் ஆபீசிலிருந்து தகவல் வந்தது. மேட்டில் இனி சக்கை இறக்கக்கூடாது, ஹார்ன் அடிக்கக்கூடாது, கட்டையைத் தூக்கக்கூடாது.

அடுத்த முறை நான் போனபோது மாட்டுக்காரர்கள் எல்லாரும் கட்டைக்கு முன்னால் நின்றார்கள், ஆளுக்கொரு கயிற்றோடு. அவர்கள் கட்டிவைத்த இரண்டாவது கயிறுகள். அக்கா தன்னுடையதை என்னிடம் நீட்டினாள்.

“இது இனிமே மாட்டுக்கு வேணாம்.”

வாங்கிக்கொண்டு இறங்கினேன். கட்டையை நானே தூக்கி நிறுத்தி, அந்தக் கயிற்றால் பக்கத்துக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினேன்.

“அக்கா, மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் காவல்காரர்.

“ரெட்டை முடிச்சுன்னு சொல்லுங்க. அவுக்கணும்னா பல்லால கடிக்கச் சொல்லுங்க.”

லோரியில் ஏறி ஹார்ன் அடித்தேன்.