நனைந்த படத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

இருபதாம் நூற்றாண்டு பிறந்த வருஷத்து ஐப்பசியில் நான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பியது கோயிலுக்காக அல்ல. படங்களுக்குச் சட்டம் போடுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அங்கே செல்லம்மாள் வீட்டில் கூரை ஒழுகி, இறந்துபோன கணவரின் படம் நனைந்துவிட்டது. கணவரின் தம்பி மாடசாமி அதை ஈரத்துணியால் துடைக்கப் போகிறார் என்று முந்தின நாள் சேதி வந்தது. எதனால் ஆன படம் என்று தெரியாமல் துடைத்தால் முகமே போய்விடலாம்.

காலை ஆறு மணிக்கு வண்டி. ஏழு மைல், வாடகை எட்டணா. வழியெல்லாம் சேறு. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை, இரண்டு தடவை இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்தேன்.

"எம்புட்டு வெரட்டினாலும் மாடு பறக்காது சாமி, ஏறி உக்காருங்க," என்றார் வண்டிக்காரர் காதர்.

ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாடசாமி கையில் துணியோடு நின்றார். படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாற்காலியும் தோள்துண்டும் போட்டோ, வழவழவென்று இருந்தன. முகத்தில் மட்டும் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கரிக்கோலால் வரைந்த முகம். காகிதத் திரியால் ஓரத்தைத் தொட்டதும் கருப்பு ஒட்டியது. பூச்சு உரிந்த இடத்தில் வேறொரு மீசை நுனி தெரிந்தது. நிமிர்ந்தேன். அது மாடசாமியின் மீசை.

"அவிய உசுரோட இருக்கையில படமே எடுக்கல," என்றார் செல்லம்மாள். "தம்பி படத்துமேல, நான் அடையாளம் சொல்லச் சொல்ல அவிய முகத்த வரைஞ்சாங்க."

"என் உடம்புக்குத் தெனமும் மாலை போடுதீய மதினி," என்றார் மாடசாமி. "நான் இன்னும் சாகல."

செல்லம்மாள் மாடசாமி பக்கம் திரும்பினார். "இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "முகம் மட்டும் இருக்கட்டும். உடம்ப மறைச்சிருங்க."

படம் நிழலில் காய்ந்ததும், அட்டையில் முட்டை வடிவத்தில் துளை வெட்டி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி மூடினேன். மூன்று மணிக்கு மாடசாமியே அதைச் சுவரில் மாட்டினார்.

இப்படியொரு வேலையாக இந்த வழியில் போகிறவர்கள் மழைக்காலத்தில் மூன்றேகால் மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த படத்தை நிழலில் படுக்கப் போடுங்கள், துடைக்காதீர்கள். காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணாடி காட்டிவிடும். ஒருவர் அதை ஏன் துடைக்கத் துடிக்கிறார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.