கேபின் வாசலில் ஒரு பழைய சட்டம்

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் வரலாறு படித்தேன். அதில் எனக்குப் பிடித்தது பழைய அயர்லாந்தின் கெல்டிக் மக்களைப் பற்றிய பாடம். பரீட்சைக்கு லீவு கேட்டபோது சூப்பர்வைசர் என் புத்தகத்தைப் புரட்டினார்.

"செத்துப்போன வெள்ளக்காரன் கதைய படிச்சிக்கினு இன்னா பண்ணப் போற? லீவுலாம் கெடையாது."

நான் கேட்டது ஒரே ஒரு நாள். பிச்சை கேட்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு சட்டம் இருந்தது. பெரிய மனிதர் அநியாயம் செய்தால், எளியவர் அவர் வாசலில் பட்டினியாக உட்காரலாம். அதற்குப் பதில் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் மானம் போய்விடும்.

மறுநாள் லன்ச் பெல் அடித்ததும் நான் கேன்டீனுக்குப் போகவில்லை. அவருடைய கேபினின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். கேன்டீனுக்குக் கிளம்பிய பெண்கள் விசாரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேர் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். எங்களைப் பார்த்துவிட்டு மூடினார். எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"ஏம்மா, போய் சாப்டுங்கம்மா."

"நீங்க மொதல்ல சாப்புடுங்க சார். செத்துப்போன வெள்ளக்காரன் இன்னா பண்றான்னு பாத்துடலாம்."