இருட்டறைக்காரி ராக்காயி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ராக்காயிக்கு அந்த வேலை போனது அடையாள அட்டையின் நிறத்தால். பிறந்தது அதே தோட்டத்து லயத்தில்தான். ஆனால் அப்பன் அவள் பிறப்பைப் பதியவில்லை. கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டைதான் இருந்தது. சிவப்பு அட்டைக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்ததும், தோட்டத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். புருஷன் சன்னாசிக்கும் சிவப்புதான். லாரிக் கூலிக்குப் போவான். பிடிபட்டால் வம்பு என்று பாதி நாள் வீட்டிலேயே கிடப்பான்.

எழுபத்து நான்கில் ஈப்போவில் தவுக்கே என்று எல்லோரும் அழைக்கும் ஒரு சீன முதலாளியின் இரும்புப் பட்டறை அவளுக்கு பெர்மிட் எடுத்துக் கொடுத்தது. அது அந்தப் பட்டறைக்கு மட்டும்தான் செல்லும். வருஷா வருஷம் தவுக்கே மனது வைத்தால்தான் புதுப்பிக்க முடியும்.

வேலை ஓர் இருட்டறையில். ஜன்னல் கிடையாது, வாசலில் கனத்த கறுப்புத் திரை. மண்ணிலிருந்து ஈயம் தோண்டும் கப்பலின் அச்சு, லாரியின் இரும்புகள், செம்பனை எண்ணெய் ஆலையின் கொக்கி என்று எது வந்தாலும், எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் மின்சாரம் பாய்ச்சி இரும்பைக் காந்தமாக்குவாள். பிறகு மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் ஒரு திரவத்தை அதன்மேல் ஊற்றுவாள். அதில் மாவைவிட நைசான இரும்புப் பொடி மிதக்கும். ஒவ்வொரு துகளிலும் ஒளிரும் சாயம் ஏற்றியிருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பானாலும் பொடி ஓடிப்போய் அதன் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். ஊதா விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் அந்த இடம் பச்சையாகச் சுடர்விடும்.

ஆரம்பத்தில் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக அறை அவளை அழுத்தத் தொடங்கியது. தலைவலி விடவில்லை. வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். உள்ளே கையைப் பார்த்தால் நகக்கண்ணெல்லாம் பச்சையாக மினுங்கும். எவ்வளவு தேய்த்தும் போகாது. சாமான் கிடங்கில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அங்கே மாற்றிவிடும்படி தவுக்கேயிடம் கெஞ்சினாள். பார்க்கலாம் என்று அவரும் அரைமனதாகச் சொல்லியிருந்தார்.

எழுபத்தொன்பதில் செமோர் பக்கத்துச் செம்பனை ஆலையிலிருந்து பெரிய கொக்கி ஒன்று வந்தது. பழக்குலைத் தொட்டிகளைத் தூக்கும் கொக்கி. ஆலையில் வேலை செய்யும் லூர்துசாமி அதை எடுத்துப்போக லாரியோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். ராக்காயி விளக்கைப் பிடித்தாள். கொக்கியின் உள்வளைவில் பச்சைக் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். அதே இடத்தில் அதே கோடு.

போர்மன் ஜெயபாலன் வந்து பார்த்தார்.

"மேல் கீறல்தான் லா. தேய்ச்சுட்டேன்னா போயிரும்."

தேய்த்துக் கொண்டுவந்தார். கோடு போகவில்லை.

"அண்ணே, இது ஆழமா போயிருக்கு."

"ராக்காயி, இன்னிக்குக் கொடுத்தாத்தான் அந்த ஆலை வேலை பூரா நமக்குக் கிடைக்கும். இல்லாட்டி தவுக்கே என்னைத்தான் திட்டுவாரு. நல்லா இருக்குன்னு சொல்லிரு. பெர்மிட் புதுப்பிக்கிற மாசம் வேற, நெனப்பு வச்சுக்க."

அவர் போய்விட்டார். ராக்காயி இருட்டில் உட்கார்ந்திருந்தாள். பெர்மிட் போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. கொக்கி அறுந்தால் கீழே நிற்பவன் யாரோ. சட்டென்று எழுந்து திரையை விலக்கினாள். வெயிலில் கண் கூச, லாரி நிற்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க."

லூர்துசாமி தயங்கிக்கொண்டே வந்தார். திரையை மூடிவிட்டு விளக்கைக் கொக்கியருகே பிடித்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா, இப்படி எரியுது?"

"வெடிப்புண்ணே. தேய்ச்சும் போவல."

அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "தெனமும் இதுக்குக் கீழதாம்மா நிக்கிறேன்."

கொக்கியை வாங்க மறுத்துவிட்டு வெறும் லாரியோடு திரும்பிப் போனார். ராக்காயி துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, துரத்துவார்கள் என்று காத்திருந்தாள். பயத்துக்கு அடியில் சின்ன ஆறுதலும் இருந்தது: இந்த அறையாவது தொலையும்.

யாரும் துரத்தவில்லை. அந்த வாரக் கடைசியில் தவுக்கே கூப்பிட்டனுப்பினார். ஆலை நிர்வாகம் புதுக் கொக்கி வாங்கிவிட்டதாம். இனி எல்லாச் சாமானும் இங்கேதான் வருமாம்; ஆனால் அந்தப் பொம்பளைதான் பார்க்க வேண்டுமாம்.

"அப்ப கிடங்கு வேலை, தவுக்கே?"

"மனா பொலே லா! அதெப்படி முடியும்? நீ போனா யார் பாக்குறது?" என்று சிரித்தார். அங்கேயே பெர்மிட் பாரத்தில் கையெழுத்தும் போட்டார்.

ராக்காயி நன்றி சொன்னாள். வெளியே குழாயடியில் போய் அழுதாள். ஜெயபாலன் கண்டும் காணாததுபோல் கடந்து போனார். அதன்பின் அவளோடு வேலையைத் தவிர வேறு பேச்சே வைத்துக்கொள்ளவில்லை.

எண்பத்தைந்தில் ஈயத்தின் விலை விழுந்தது. கப்பல்கள் நின்றன. அடுத்த வருஷம் பட்டறையும் மூடப்பட்டது. ஊதா விளக்கை யாரோ பழைய இரும்புக்காரன் தூக்கிப்போனான். பெர்மிட்டும் பட்டறையோடு செத்தது. மறுபடி வேலையில்லாமல் ஒரு வருஷத்துக்குமேல் வீட்டில் அடைந்து கிடந்தாள். எத்தனையோ முறை மனுப்போட்டு, கடைசியில் எண்பத்தெட்டில் குடியுரிமைக்கான நீல அட்டை வந்தது. அப்போது அவளுக்கு நாற்பது வயது. சுங்கை சிப்புட் பசாரில் கீரை விற்கப் போனாள்.

கூரை நிழலில் இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாமென்று வெளியே வெயிலில் சாக்கை விரித்தாள்.