அரைச் சுருதி ஏறிய காது

ஜெயப்ரியாவின் காதில் இருந்த விசேஷத்தை முதலில் சொல்லிவிட்டால் மற்றது எளிது. எந்த ஒலியைக் கேட்டாலும் அது எந்தச் சுரம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. சிவப்பைப் பார்த்ததும் அது சிவப்பு என்று நமக்குத் தெரிவதுபோலத்தான். மின்சார ரயிலின் ஹாரன், குக்கர் விசில், மாவு மில்லின் இரைச்சல், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் கீபோர்டில் எந்தக் கட்டையில் இருக்கிறது என்பது விரல்களுக்கே தெரியும். ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே வாசித்துவிடுவாள்.

இரும்புலியூரில் வளர்ந்தவள். அப்பா தனசேகர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். ஜெயப்ரியா ஐந்தாம் வகுப்பு படித்தபோது, காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பாட்டு டீச்சர் அபிகாயிலிடம் போய், "மிஸ், ஆர்மோனியத்துல இந்தக் கட்டை மட்டும் பொய் சொல்லுது" என்றாள். டீச்சர் அவளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துவிட்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. சாயங்காலத்துக்குள் பள்ளி முழுவதும் அவளுக்கு ஜீனியஸ் என்று பெயர் வந்துவிட்டது.

தனசேகருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் டம்ளரைக் கரண்டியால் தட்டி, "சொல்லும்மா" என்பார். அவள் சொல்வாள். சரியா தப்பா என்று வந்தவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இருந்தாலும் எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் வாயாலும் அந்த வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று ஒருநாள் பள்ளிக்கே போனார்.

"காதுக்குள்ள ஒரு இன்ச் டேப்போட பிறந்திருக்கா சார்," என்றார் அபிகாயில். "ரொம்ப அபூர்வம். ஆனா டேப் வெச்சிருக்கறவங்க எல்லாம் டெய்லர் ஆயிடறதில்லையே. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

தனசேகர் வீட்டுக்கு வந்து, "பொறாமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, சானடோரியத்தில் வேறொரு மாஸ்டரிடம் மகளைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்தார்.

கல்லூரி முடிந்த கையோடு ஜெயப்ரியா ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தாள். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஆண்டு விழா என்று பல்லாவரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் அவள் வாசிக்காத மண்டபம் குறைவு. பிற்பாடு அந்தக் குழுவை எடுத்து நடத்தியவன் ஷெர்வின். கிதார் வாசிப்பவன், அவளைவிட இளையவன். புதுப் பாட்டு ஒன்று வந்தால் மற்றவர்கள் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டுவார்கள். ஜெயப்ரியா ஷேர் ஆட்டோவில் வரும்போது போனில் கேட்டுவிட்டு நேராக மேடை ஏறுவாள். அசல் பதிவில் புல்லாங்குழல்காரர் எங்கே மூச்சு வாங்கியிருந்தாரோ அங்கே அவளும் நூலிழை இடைவெளி விடுவாள். குழுவினரை அறிமுகப்படுத்தும்போது ஷெர்வின் அவளை மட்டும் பெயர் சொல்லாமல் 'நம்ம ஜீனியஸ்' என்பான். அவள் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காருவாள். அவளுக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

தபால் துறையில் வேலை பார்த்த ஜீவானந்தத்தைக் கல்யாணம் செய்துகொண்டு சிட்லபாக்கத்துக்குக் குடிவந்தாள். நல்ல மனிதர். ஆனால் பாட்டு என்று அவர் பாடுவது எங்கே தொடங்கும், எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே தெரியாது. கல்யாணமான புதிதில், சவரம் செய்துகொண்டே அவர் எதையோ முனகியபோது, ஜெயப்ரியா காதைப் பொத்திக்கொண்டு வந்து, "ப்ளீஸ், பாடாதீங்க. பல்லு கூசுது" என்றாள். அவர் சிரித்துவிட்டு நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் பாடியதே இல்லை.

நாற்பத்தேழாவது வயதில் அவளுக்குக் கோளாறு வந்தது. வந்தது உடனே தெரியவில்லை. பழைய பாட்டுகளை யூட்யூபில் கேட்டால் கொஞ்சம் மேலே தூக்கினாற்போல இருந்தது. காப்புரிமைப் பிரச்சினைக்குப் பயந்து வேகத்தைக் கூட்டிப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கோயில் நாதஸ்வரமும் ஏறியிருந்தது. புது ஆள் போல என்று விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு மிக்ஸியின் சத்தம்கூட மாறியிருந்தது. மிக்ஸியை மாற்றிவிட்டார்களா என்று அவள் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஆடி மாதம் நிகழ்ச்சிகள் இல்லை, அவள் கீபோர்டைத் தொடவும் இல்லை. அது முடிந்து கீழ்க்கட்டளையில் ஒரு கல்யாண வரவேற்பு. ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல், குழு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஒத்திகைக்கு நேரமில்லை. ஜெயப்ரியா கீபோர்டைப் போட்டு 'சி' கட்டையை அழுத்தினாள். அதைவிட அரைச் சுருதி மேலே, 'சி ஷார்ப்' கேட்டது. யாரோ சுருதியை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தாள். பூஜ்யம் என்றுதான் காட்டியது. திரை கெட்டிருக்கும் என்று அரைச் சுருதி இறக்கினாள். காதுக்குச் சரியாக இருந்தது.

முதல் பாட்டுக்கு முன்னிசை முழுக்க அவளுடையதுதான். அவள் வாசித்து முடிக்க, கிதாரும் பேஸும் சேர, துர்கா பாடத் தொடங்கினாள். துர்கா கானத்தூர் குப்பத்துப் பெண். பெரிய குரல். இரண்டாவது வரிக்குள் அவள் நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, இன்னாக்கா ஆச்சு? நான் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் போய்க்கினு கீது," என்றாள் துர்கா, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

"நீங்கதான் எல்லாரும் அரைச் சுருதி மேல போறீங்க," என்றாள் ஜெயப்ரியா.

ஷெர்வின் கிதாரோடு பக்கத்தில் வந்தான். "எல்லாருமாக்கா தப்பு?"

"ஆமா."

அவன் போனில் ஒரு சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து கிதாரின் கம்பியை மீட்டிக் காட்டினான். முள் நடுவில் நின்றது, பச்சை விளக்கு எரிந்தது. கீபோர்டுக்கு நேரே பிடித்து, "இப்ப நீங்க, இதே சுரம்" என்றான். அவள் அழுத்தினாள். முள் இடப் பக்கம், சுருதி குறைவு என்று காட்டும் பக்கம், சாய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சாய்ந்தது.

கீபோர்டைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மீதி நிகழ்ச்சியை வாசித்தாள். ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையின் ஒலி வந்தது. விரல் சரி என்றது, காது தப்பு என்றது. அன்று அவள் செய்த தவறுகளை ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளும் செய்ய மாட்டார்கள்.

தாம்பரத்தில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போனார்கள். செவித்திறன் சோதனையில் ஒரு குறையும் இல்லை. அவள் விஷயத்தைச் சொன்னதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது வியாதி இல்ல மேடம். இந்த மாதிரி காது இருக்கறவங்கள்ல சில பேருக்கு வயசாக ஆக எல்லாமே கொஞ்சம் மேல ஏறிக் கேக்கும்னு படிச்சிருக்கேன். நேர்ல பாக்கறது நீங்கதான் முதல் ஆள்."

"கண்ணுக்குக் கண்ணாடி போடற மாதிரி இதுக்கு ஏதாவது உண்டா டாக்டர்?" என்று கேட்டார் ஜீவானந்தம்.

"இல்ல சார். இன்னும் ஏறினாலும் ஏறலாம். எங்களுக்கெல்லாம் இது நடந்தா தெரியவே தெரியாது. எங்ககிட்ட அந்த அளவுகோல் இல்ல, அதனால அது நகர்ந்தாலும் தெரியாது."

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது ஜெயப்ரியா, "இனிமே வாசிக்க மாட்டேன்" என்றாள். வீட்டில் கீபோர்டின் மேல் பழைய போர்வை ஒன்று விழுந்தது.

சில மாதங்கள் கழித்து ஷெர்வின் வந்தான். கிதாரும் ஒரு யோசனையுமாக வந்திருந்தான். கீபோர்டின் ஒலி மண்டபத்துக்குச் சரியான சுருதியில் போகட்டும், அவளுடைய ஹெட்போனுக்கு மட்டும் அரைச் சுருதி இறக்கிக் கொடுக்கலாம். முயன்று பார்த்தார்கள். அவளுடைய கீபோர்டு சரியாகக் கேட்டது. ஹெட்போனைத் தாண்டி உள்ளே வந்த ஷெர்வினின் கிதார்தான் மேலேயே இருந்தது. இரண்டும் காதுக்குள் இடித்துக்கொண்டன. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நீ எப்படிடா வாசிக்கற? எந்தச் சுரம்னு உனக்குத் தெரியாதில்ல?"

"தெரியாது. முதல் சுரத்தைப் பிடிச்சுப்பேன். மீதியெல்லாம் அதுல இருந்து எவ்ளோ தூரம்னு தடவித் தடவித்தான். எல்லாரும் அப்படித்தான் அக்கா."

"அப்ப என்னை ஏன் ஜீனியஸ்னு சொன்ன?"

ஷெர்வின் அவள் கொடுத்திருந்த காபியைக் கையில் எடுத்தான். "என்னால முடியாததை நீங்க செஞ்சீங்க. வேற என்ன சொல்றது?"

"இப்ப?"

அவன் காபியைக் குடித்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெயப்ரியா கடைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஜீவானந்தம் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி பாடிக்கொண்டிருந்தார். அவள் சமையலறையிலிருந்து வந்து நின்றாள். அவர் பதறி, "சாரி, சாரி" என்றார்.

"இல்ல, பாடுங்க."

"நானா?"

"நீங்கதான். விட்ட இடத்துல இருந்து."

அவளுக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். பல் கூசவில்லை. முன்பெல்லாம் அவர் பாடும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் காது ஒரு பெயர் சொல்லும், அவர் எந்தப் பெயரிலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போவார், அதுதான் கூசும். இப்போது பெயர்கள் எல்லாமே பொய்யாகிவிட்டிருந்ததால் அவருடைய பொய் தனியாக உறைக்கவில்லை. இங்கிருந்து ஏறினார், அங்கே போய் இறங்கினார், அவ்வளவுதான் கேட்டது. போர்வையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் எங்கே தொடங்குகிறாரோ அதுவே முதல் சுரம் என்று வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். நாலு வரிக்குள் அவர் வேறு எங்கோ நழுவியிருந்தார். அவளும் தேடிப் பிடித்தாள். திரும்பவும் நழுவினார்.

அது தினசரி வழக்கமாயிற்று. ஜீவானந்தம் கூச்சம் விட்டுப் போய்த் தொண்டை திறந்தே பாடினார். மாடியில் குடியிருந்தவர் ஒருநாள் படியில் பார்த்து, "சாருக்கு உடம்பு எதாவது சரியில்லையா?" என்று கேட்டார். "என் மிஸஸுக்கு ப்ராக்டிஸ்," என்றார் ஜீவானந்தம். மேலே இருந்தவருக்கு அது விளங்கியிருக்காது.

ஜெயப்ரியாவுக்கு இது சுலபமாக வரவில்லை. பத்து வயதில் மற்றவர்கள் கற்றுக்கொண்டதை இப்போது கற்றாள். சில நாள் அழுதாள். சில நாள் கணவர் மேல் எரிந்து விழுந்தாள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு உள்ள தூரம் என்பது அவள் அதுவரை கேட்டே இராத ஒன்று. பெயர் தெரிந்தபோது தூரம் தேவைப்படவில்லை. அதில் சந்தோஷம் இருந்ததா என்று பிறகு ஷெர்வின் கேட்டபோது, "வேலை இருந்துச்சு" என்றாள்.

மறுவருடம் குழுவுக்குத் திரும்பினாள். முதல் கீபோர்டில் இப்போது லாசரஸ் என்கிற பையன் இருந்தான், லேப்டாப்பும் கையுமாக. ஷெர்வின் தயங்கித் தயங்கி இரண்டாவது கீபோர்டு என்று சொன்னான். அவள் சரி என்றாள். புதுப் பாட்டு வந்தால் மற்றவர்களைப் போல அவளுக்கும் ஒரு வாரம் பிடித்தது. வேறு குழுக்கள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. அறிமுகத்தின்போது ஷெர்வின் "கீபோர்ட்ஸ், ஜெயப்ரியா" என்பான். கை தட்டல் எல்லோருக்கும் கிடைக்கிற அளவுக்குக் கிடைத்தது. முதல் சில தடவை அது உறுத்தியது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

போன தை மாதம் சேலையூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. துர்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர் குடித்துக் குடித்து ஆறு பாட்டு பாடிவிட்டாள். ஏழாவது, மெதுவான பாட்டு. லாசரஸுக்கு அதில் வேலை இல்லை, ஜெயப்ரியாவின் பின்னணியும் ஷெர்வினின் கிதாரும் மட்டும். சரணத்தில் உச்சிக்குப் போகிற இடத்துக்கு முன்னால் துர்காவின் குரல் இறங்கத் தொடங்கியது. அவளுக்கே தெரியாமல், சரிவில் வண்டி நகர்கிற மாதிரி. வாத்தியங்கள் அசல் சுருதியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தால் துர்கா மாட்டிக்கொண்டிருப்பாள்.

ஜெயப்ரியா கட்டையிலிருந்து கையை எடுத்து ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள். பிறகு துர்கா எங்கே இருந்தாளோ அங்கே, அரைச் சுருதி கீழே, மெல்ல வந்து சேர்ந்தாள். ஷெர்வின் திரும்பிப் பார்த்தான், புரிந்துகொண்டான், கிதாரின் கழுத்தில் விரலை ஒரு கட்டம் கீழே நகர்த்தினான். துர்கா உச்சிக்குப் போய் நின்றாள். மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பாட்டு முடிந்து துர்கா ஓரமாக வந்து தண்ணீர் குடித்தாள். "அக்கா, உச்சியில மூச்சு முட்டும்னு பயந்துகினே போனேன். ஒண்ணும் ஆகல. எப்படிக்கா?"

"தொண்டைக்கு ஓய்வு குடு," என்றாள் ஜெயப்ரியா.

நிகழ்ச்சி முடிந்து அவளை அழைத்துப்போக வந்திருந்த ஜீவானந்தம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீபோர்டு பையின் ஒரு காதை அவரும் ஒரு காதை அவளுமாகப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள்.

"இன்னிக்கு எல்லாம் சரியாப் போச்சா?"

"நடுவுல ஒரு பாட்டு கீழ இறங்கிடுச்சு."

"அய்யய்யோ. யாரு இறங்கினது?"

"எல்லாரும் சேர்ந்துதான்," என்றாள். ஷெர்வினின் வேனில் பையை ஏற்றிவிட்டு, தாம்பூலப் பையை ஸ்கூட்டரின் கொக்கியில் மாட்டினாள்.