தம்பியை ஏற்றிவந்த ஏரோபிளேன்

தம்பியை ஏரோபிளேனில் கொண்டுவரச் சொன்னது நான்தான். யாரும் மறந்துவிடக் கூடாதென்று அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சொல்லட்டுமே! அன்றைய நிலைமையில் என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சொல்லாத ஆள் இருந்தால் அந்த ஆளுக்கு மூளை இல்லை என்று அர்த்தம்.

கொழும்பில் எங்களுக்கு மல்லி, வத்தல் கடை இருந்தது. அப்பா காலமான பிறகு தம்பிதான் அங்கே இருந்து அதைப் பார்த்துக்கொண்டான். அம்மாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். அவள் விருதுநகரில் இருந்தாள். நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவருக்கு வாக்கப்பட்டுப் போனவள். மருந்தும் திரியும் கணவர் பாடு. ஆர்டர் எடுப்பது, லோடு ஏற்றுவது, வெளியூர்க் கடைக்காரர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் என் பாடு. என்னிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது வாஸ்தவம்தான்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இருதயக் கோளாறு. அதனாலேயே கல்யாணம் தள்ளிக்கொண்டு போனது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம் நோய் முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்தால் பிழைப்பான், செய்கிற டாக்டர் மதராஸில் இருக்கிறார், ஆனால் கப்பலிலும் ரயிலிலும் அலைக்கழித்தால் வழியிலேயே முடிந்துவிடும் என்று கொழும்பு டாக்டர் கையை விரித்துவிட்டார். கடைக் கணக்கப்பிள்ளை ட்ரங்கால் போட்டு இதைச் சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை, வேறு வழி உண்டா என்று கேட்டேன். நோயாளிகளைக் கொண்டுபோக ஒரு குட்டி ஏரோபிளேன் வாடகைக்குக் கிடைக்கும் என்றார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர் போட்டிருப்பார்களாம், கூடவே ஒரு நர்ஸும் வருவாளாம்.

உடனே விருதுநகருக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“எம்பிள்ளைய அந்தரத்துல ஏத்தாதட்டி. கப்பல்லயே கூட்டியாரச் சொல்லு. இருக்கன்குடி ஆத்தா பாத்துக்கிடுவா.”

“கப்பல்ல வந்தா வழியிலேயே செத்துப்போவாம்மா.”

“வாயக் கழுவுட்டி!”

“நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துருமா? டாக்டர் சொன்னதத்தான் சொல்லுதேன்.”

கடைசியில் அம்மா தலையாட்டினாள். தீபாவளியன்று மத்தியானம் கொழும்பிலிருந்து விமானம் புறப்பட்டது. அம்மா வீட்டுத் தெருவே அன்றைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது கடலுக்கு மேலே போகும், விருதுநகர்ப் பக்கமே வராது என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒரு பருந்தைக் காட்டி, “அந்தா போகுது” என்றுகூடச் சொன்னார்.

விமானம் மதராஸ் போய்ச் சேரவில்லை. மழைமேகத்துக்குள் போகிறோம் என்று பைலட் ரேடியோவில் சொன்னதுதான் கடைசி. கப்பல்கள் தேடின, வேறு விமானங்கள் தேடின. தேடியதெல்லாம் வடக்கே, வேதாரண்யம் பக்கத்துக் கடலில். ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை. மின்னல் அடித்து ஆகாயத்திலேயே சிதறியிருக்கும், கண்மூடித் திறப்பதற்குள் மூன்று பேர் கதையும் முடிந்திருக்கும், அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் சோறு தின்றேன், தூங்கினேன், கம்பெனிக்குப் போய்வந்தேன்.

அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வாராவாரம் விருதுநகருக்கு பஸ் ஏறுவேன். அவள் வாசலில் என்னைப் பார்த்ததும் வீட்டுப் பூனையிடம் சொல்வாள்: “வந்தவுகளுக்குக் காப்பி வேணுமான்னு கேளு.” நானும் பூனையிடமே, “சீனி கம்மியாப் போடச் சொல்லு” என்பேன். துக்கம் கேட்க வருகிறவர்கள், “ஏரோபிளேன்ல ஏத்தாம இருந்திருந்தா...” என்று இழுப்பார்கள். “ரயில் கவுந்ததில்லையா? கப்பல் முங்கினதில்லையா? வீட்டுல படுத்தவுக யாரும் சாகலையா?” என்று கேட்பேன். வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். அம்மாவுடைய வாயைத்தான் திறக்க முடியவில்லை. உன்மேல் தப்பில்லை என்று அவள் ஒருதரம் சொன்னால் போதும், வேறெதுவும் எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

தை கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு வந்த கூட்டத்தில் எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே கடற்கரை ஊரொன்றில் வெடிக்கடை வைத்திருப்பவர். சாமி கும்பிட்டுவிட்டு ரயிலுக்கு விருதுநகர் வந்தவர், துக்கம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று அம்மா வீட்டுக்கு வந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். தம்பி நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. கொஞ்ச நேரம் முகத்தை வாட்டமாக வைத்திருந்தார். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதானோ என்னவோ, வியாபாரத்தைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினார்.

“அக்கா, இந்த வருசம் நம்ம சரக்கு கரையோட நிக்கல. தீபாவளியன்னைக்குப் பொழுதடைஞ்ச நேரம், நடுக்கடல்ல இருந்து வாணம் ஏறுது! எவனோ வள்ளத்துல கொண்டுபோயி விடுதான்னு கரையில நின்ன சனம்பூரா கைதட்டுச்சு. நாங்களும் இங்கன இருந்து பதிலுக்கு விட்டோம்லா!”

“என்ன கலர்?” என்று கேட்டேன்.

“செவப்புக்கா. செக்கச்செவேல்னு.”

சிவப்பு வெளிச்சத்துக்குப் போடுகிற உப்பு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்த சீசனில் அது வரவேயில்லை. எங்கள் கம்பெனி மட்டுமில்லை, சிவகாசியில் ஒருத்தரும் சிவப்பு வாணம் செய்யவில்லை. பச்சையையும் வெள்ளையையும் மட்டும் வைத்து எப்படி வியாபாரம் பண்ணுவது என்று என்னிடம் சண்டை போட்டவர்தான் இவர். கைதட்டின சந்தோஷத்தில் அது அவர் நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்துவிட்டது. கடல் தாண்டுகிற விமானத்தில் ஆபத்துக்கு ரப்பர் தோணி இருக்கும், உதவி கேட்டுச் சிவப்பு வெளிச்சம் சுடுகிற கைத்துப்பாக்கி இருக்கும். அம்மாவைத் தலையாட்ட வைக்க நானே அவளிடம் அடித்துச் சொன்ன விஷயம் அது.

அடுக்களையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். அவரிடம் கேட்டாள்:

“எத்தன தடவ ஏறுச்சு அந்த வெளிச்சம்?”

“நாலஞ்சு தடவ இருக்கும் ஆச்சி. விட்டுவிட்டு. கடைசி ஒண்ணு நல்லா இருட்டுனதுக்குப் பெறகு.”

“யாரும் போயிப் பாக்கலையா?”

“தீபாவளி வாணத்த எதுக்கு ஆச்சி போயிப் பாக்கணும்?”

சொன்ன பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார். அம்மா அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஏரோபிளேன், கடல், தன் மகன். அந்த மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை என்ன சொல்ல? நான் அந்தக் கரையில் நின்றிருந்தாலும் கைதான் தட்டியிருப்பேன்.

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள்.

“கேட்டியாட்டி. ஏரோபிளேன் அவனக் கொல்லல. உசுரோட எறக்கி விட்டுருக்கு. எம்பிள்ள அம்புட்டு நேரமும் இருந்து கூப்பிட்டுருக்கான். நீ ஏத்திவிட்டதுல தப்பில்ல தாயி. ஒம்மேல தப்பே இல்ல.”

எந்தச் சொல்லுக்காக நான் மூன்று மாதமாக பஸ் ஏறினேனோ, அதை அம்மா சொல்லிவிட்டாள். நான் கையை உருவிக்கொண்டேன்.

“இல்லம்மா. எம்மேல தப்புன்னே இருக்கட்டும். அவன் மேலயே போயிட்டாம்மா. மின்னல் அடிச்சு மேலயே போயிட்டான். கடல்ல கெடந்து கூப்பிடலன்னு சொல்லும்மா” என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.