மூன்றாம் நாள் தாள்

பேருந்தில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணுவதுதான் அவள் வேலை. முன்வாசலுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் கோடு போட வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒப்பந்தத்தில் அதே வேலை. எவ்வளவு நெரிசலிலும் அவள் எண்ணிக்கை பிசகாது என்று போக்குவரத்து அலுவலகத்தில் பெயர். "கல்யாண வீட்டுக்குப் போனாலும் தலையை எண்ணிட்டுத்தான் உக்காருவா" என்று கிண்டல் செய்வாள் அண்ணி. அண்ணன் இறந்த பிறகு அண்ணி அவளோடும் அவள் மகளோடும்தான் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரியோடு பாதி மாதம் வெளியூரில்.

அந்த வருடம் நகரத்தின் போக்குவரத்தையே தலைகீழாக மாற்றினார்கள். புது மெட்ரோ, எல்லாவற்றுக்கும் ஒரே கார்டு, புது வரைபடம். "வெளியூர்க்காரங்க வந்து இறங்கினா, ஒருத்தர்கிட்டயும் வழி கேக்காம போய்ச் சேரணும்" என்றார் பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர். எந்தப் பேருந்தை வைப்பது, எதை நிறுத்துவது என்பதற்கு ஒவ்வொரு தடத்திலும் மூன்று நாள் எண்ணிக்கை: முதல் நாள் காலை, மறுநாள் மாலை, மூன்றாம் நாள் மதியம்.

நாற்பத்து மூன்றாம் எண் தடத்தில் மூன்றாம் நாள் அவளுடையது. ஏறி உட்கார்ந்து இரண்டு நிறுத்தம்கூடத் தாண்டவில்லை, பள்ளியிலிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல், மயங்கி விழுந்துவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினாள். மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நாளே செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. டாக்டர் வீட்டு பெஞ்சில், மடியில் மகள் தலையைச் சாய்த்துக்கொண்டு, தாளின் மிச்சக் கட்டங்களைத் தானே நிரப்பினாள். மூன்று, ஐந்து, இரண்டு. உச்சி வெயிலில் யார் ஏறப்போகிறார்கள்?

அடுத்த மாதம் அண்ணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மதிய ஷிப்ட் கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம தெருமுனையில ஏறினா ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி விடுது. ஆனா நிக்கக்கூட இடமில்லைடி. நர்ஸுங்க, பெருக்கறவங்க, சாப்பாடு எடுத்துட்டுப் போறவங்க... அத்தனை பேரும் அந்த ரெண்டு மணி பஸ்தான்."

"எந்த பஸ் அண்ணி?"

"நாப்பத்து மூணு."

இவள் கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். மறுநாள் ஆகட்டும் என்று தள்ளிப்போடுவாள். ஒரு நாள் பேருந்து நிலையத்தில் புது வரைபடம் ஏறியது. வண்ண வண்ணக் கோடுகள். நாற்பத்து மூன்று அதில் இல்லை. அண்ணி இருபது நிமிடம் நடந்து, மெட்ரோ பிடித்து, வேறொரு பேருந்துக்கு மாறிப் போகத் தொடங்கினாள். படிகள் அவள் முட்டியைப் பதம் பார்த்தன. ஒரு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகுதான் இவள் பொறியாளர் முன்னால் போய் நின்றாள். "சார், நாப்பத்து மூணோட மதியத் தாள் நான் எண்ணினது இல்லை. உக்காந்து எழுதினது."

அவர் கத்தவில்லை. அந்தத் தடத்தின் கோப்பை எடுத்துப் பிரித்தார். "உங்க தாளை மட்டும் வச்சு நிறுத்தலைம்மா. ஆனா மதியம் கூட்டம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அதுல கை வச்சிருக்க மாட்டோம்."

"இப்போ திரும்ப விட முடியாதா சார்?"

"மறுபடி எண்ணணும். அதுக்கு நீங்க இதை எழுதிக் குடுக்கணும். எழுதினா எண்ணுறவங்க லிஸ்ட்ல உங்க பேரை வைக்க முடியாது."

எட்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அண்ணியிடமும் சொன்னாள். அண்ணி முட்டியில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுக்கு முடியலைன்னு போனே. அதை யார் தப்புன்னு சொல்வா? எழுதாம காலியா விட்டிருக்கலாம்ல?"

அண்ணி துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

வேறு ஆட்களை வைத்து ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மதியம் வந்து போகிறவர்களை எண்ணினார்கள். மூன்று மாதம் கழித்து மதியம் ஒரு நடை, வேலை முடிகிற நேரத்துக்கு ஒரு நடை என இரண்டு மட்டும் திரும்ப வந்தன. அதற்குள் அண்ணியின் இடத்தில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள்.

இவள் இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறாள். மெட்ரோவில்தான் போகிறாள். வண்டி நேரத்துக்கு வருகிறது, உட்கார இடமும் கிடைக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் அண்ணி அவளோடு பேசத்தான் செய்கிறாள், உப்பு தீர்ந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது என்று. கிண்டல் மட்டும் செய்வதில்லை.