ஹப் தேய்ந்த பழி

கார் முனக ஆரம்பித்த அன்றே பழியை என் மனைவி தலையில் போட்டேன். நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டிலிருந்து பாலிகஞ்சில் தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மாதமாகத் தனியே ஓட்டிப் போய்க்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறி வரும்போது ஏதாவது பாட்டு முணுமுணுப்பாள். பஸ்ஸில் போய் வந்த இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ‘ஊம்’ என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“குழின்னும் பாக்கறதில்ல, ட்ராம் தண்டவாளம்னும் பாக்கறதில்ல. இப்படித் தூக்கிப் போட்டு ஓட்டினா சக்கரம் என்னத்துக்கு ஆகும்?”

“மெதுவாத்தானே போறேன்?” என்றாள்.

“கிழிச்சே” என்றேன்.

கம்பெனி சர்வீஸில் சக்கரம் மாட்டியிருக்கும் ஹப், அதற்குள் சுழலும் பேரிங், அதைத் தாங்கும் பாகம் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். நானா அவ்வளவு கொடுப்பேன்? தெருமுனையில் ஷெட் வைத்திருந்த வங்காளி மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். விழப்போகிற பல் போல ஆடியது. “ஹப் பழசு போதும் தாதா, நல்லதாப் பாத்து எடுக்கலாம். பேரிங் மட்டும் புதுசு போடுங்க, அதுல கஞ்சத்தனம் வேண்டாம்” என்றார் வங்காள மொழியில். பயப்பட வேண்டாம், இங்கே தாதா என்றால் அண்ணன்.

இருவருமாகப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சந்தையில் அரைநாள் அலைந்தோம். பேரிங் உட்காரும் இடத்தை அவர் நகத்தால் தடவிப் பார்ப்பார். கீறல் தட்டினால் தள்ளிவிடுவார். நாலாவது ஹப்தான் தேறியது. ஷெட்டுக்குத் திரும்பி, பழைய பேரிங்கைத் தள்ளிக் கழற்றினார். உள்ளே கிரீஸ் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. அதை விரலில் தொட்டு என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“தண்ணி பூந்திருக்கு. மழைத் தண்ணில ஓட்டினீங்களா?”

ஓட்டினேன். நான்தான் ஓட்டினேன். ஆவணியில் ஒரு நாள், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, வீட்டில் காபிப் பொடி தீர்ந்துபோயிருந்தது. “ஒரு நாள் டீ குடிச்சா உசிரா போயிடும்? தண்ணி வடியட்டுங்க” என்று அவள் தடுத்தாள். இந்த ஊர் டீயை மனுஷன் குடிப்பானா என்று கத்திவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே காரை இறக்கி, தமிழ்க் கடை வரைக்கும் போய்ப் பொடி வாங்கி வந்தேன். அதில் பெருமை வேறு எனக்கு.

வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றுதான் ஷெட்டிலிருந்து கிளம்பினேன். சத்தியமாக. ஆனால் கதவைத் திறந்ததும், எவ்வளவு மலிவாக வேலையை முடித்தேன் என்ற ஜம்பம்தான் வாயில் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், “என்னாலதானா?” என்றாள்.

“போகட்டும் விடு. இனிமே பாத்து ஓட்டு” என்றேன். என்ன பெருந்தன்மை பாருங்கள்!

அதற்கப்புறம் அவள் ஓட்டவில்லை. ஒரு வாரம் தலைவலி என்றாள், அடுத்த வாரம் டிராஃபிக் என்றாள், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். மறுபடி பஸ். மாடிப்படியில் பாட்டும் நின்றுபோனது. கார் மட்டும் சத்தமே இல்லாமல் ஓடியது. இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். நாள் ஆக ஆக, தப்பைச் சொல்வதைவிட இத்தனை நாள் சொல்லாததைச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. இப்படியே நாலு வருஷம். பாவி நான்.

போன மாதம் காரை விற்றோம். அன்று சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

“தெரியும். மறுநாளே நான் ஷெட்டுக்குப் போனேன். எப்படி ஓட்டினா ஹப் தேயாதுன்னு கேட்டுக்கலாம்னு. ‘பௌதி, உங்க மேல தப்பே இல்ல’ன்னு அண்ணி முறை வச்சுக் கூப்பிட்டுச் சொன்னார். தண்ணி உள்ள பூந்ததுதான் காரணம்னு உங்ககிட்ட அப்பவே சொல்லிட்டாராமே.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “அப்புறம் ஏன் ஓட்டாம இருந்தே?” என்று கேட்டேன்.

“நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொன்னதும் ஓட்டலாம்னு இருந்தேன்.”

கீரையைத் தட்டில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“இப்பச் சொல்றீங்க. கார் எங்க இருக்கு?”